எஸ்தர் சிஸ்டர் கட்டிவைத்த அத்தியாயம்

"இந்தக் கதையில யாருக்கு மட்டும் தெரியாது, டீச்சர்?"

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பேருந்தில், அப்போது நர்ஸாக இருந்த எஸ்தர் சிஸ்டர் முதன்முதலாக என்னிடம் இந்தக் கேள்வியைக் கேட்டார். பிறகு நாங்கள் சேர்ந்து படித்த ஒவ்வொரு நாவலுக்கும் கேட்டார். நான் கணக்கு டீச்சர். வகுப்பில் பிள்ளைகளிடம், இந்தக் கணக்கில் தெரியாதது எது என்று கேட்டே பழகியவள். சிஸ்டர் தெரியாதவர் யார் என்று கேட்டார். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் பேத்தியின் பள்ளி வேனுக்காக வாசலில் நின்றிருந்தேன். அவருடைய மகன் டேவிட் போனில், "அம்மா போய்ட்டாங்க டீச்சர்" என்றான். அதற்குள் வேன் வந்தது. பேத்தியின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. நாங்கள் படித்துக்கொண்டிருந்த ஒரு புத்தகம் பாதியில் நின்றுவிட்டது. அந்த வீட்டில் நடந்திருக்க வேண்டிய ஒரு பேச்சு தொடங்கவே இல்லை.

தேவாலயத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு உங்களில் பலர் வந்திருந்தீர்கள். பேசியவர்கள் எல்லோரும் அன்போடு பேசினார்கள். அமைதியானவர், கை ராசியானவர், அவர் ஊசி போட்டால் வலிக்காது என்றார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அந்தப் பெண் வாழ்நாளில் பாதியை, கண்ணால் பார்த்திராத இங்கிலாந்துக் கிராமத்து மாளிகைகளில் கழித்தார் என்பதை ஒருவரும் சொல்லவில்லை. மைக் என் பக்கம் வரவும் இல்லை. ஒரு மனுஷியை வழியனுப்பும்போது, அவருக்கு எதில் சந்தோஷம் இருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அது என்ன வழியனுப்பல்? ஆகவே இதை எழுதுகிறேன்.

சிஸ்டர் செய்யூர் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். பெற்றோர் அடுத்தவர் நிலத்தில் மல்லாட்டைக் கடலை பிடுங்கக் கூலிக்குப் போனவர்கள். விடுதியில் தங்கித் தமிழில் படித்து, நர்ஸ் பயிற்சி முடித்து, அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றார். அவருக்கும் இங்கிலாந்து மாளிகைக்கும் தொடர்பு உண்டாக்கியது ஒரு ஒடிந்த கால். மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா வந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி பாறையில் வழுக்கி விழுந்து, சிஸ்டரின் வார்டில் ஒரு பகல் படுத்திருந்தார். சென்னைக்கு அவரை மாற்றியபோது, கட்டிலருகே ஒரு தடித்த நாவலை மறந்துவிட்டுப் போனார். திருப்பிக் கொடுக்க வழியில்லை. சிஸ்டர் அதை அகராதியோடு வீட்டுக்கு எடுத்துப்போனார்.

அந்தப் புத்தகத்தோடுதான் அவரைப் பேருந்தில் பார்த்தேன். நான் திருக்கழுக்குன்றத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்கு அப்போது கடற்கரைப் பக்கம் மாற்றுப் பணி. பக்கத்தில் உட்கார்ந்தவளிடம் முன்னுரை ஏதுமில்லாமல் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு பெரிய மாளிகை. மாடியில் சுவரைப் பார்த்தபடி திருப்பி மாட்டிய ஒரு படம். புது மருமகள் அதைத் தொடக்கூடாது என்று வீட்டில் எல்லோரும் தடுக்கிறார்கள். கடைசியில் அவள் திருப்பிப் பார்க்கிறாள். படத்தில் இருக்கும் குழந்தைதான் இன்று அந்த வீட்டுத் தோட்டக்காரர். அந்தக் குடும்பத்தின் மூத்த வாரிசு. சமையல்காரிவரை எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் யோசிப்பதற்குள் அவரே பதிலும் சொன்னார்: "தோட்டக்காரனுக்கு மட்டும் தெரியாது. ரோசாச் செடிக்கு மண்ணு அணைச்சிகினே கீறான், பாவம்."

அன்று நான் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

அந்த நாவல்களில் எப்போதும் மழை பெய்யும், குளிரும், ஹாலில் நெருப்பு எரியும். செங்கல்பட்டின் மே மாதத்தில், கரண்ட் போன மதியங்களில், நாங்கள் அதைப் படிப்போம். சிஸ்டர் புத்தகத்தாலேயே விசிறிக்கொண்டு சொல்வார்: "நெருப்புப் பக்கத்துல நாற்காலிய இழுத்துப் போட்டுகினு உட்கார்றாளுங்க டீச்சர். படிக்கச் சொல்லவே எனக்கு வேர்க்குது. ஒரு ஜன்னலத் தொறந்தா இன்னா?" ஆனால் மூடி வைக்கமாட்டார். நூறு அறைகள், ஆளுக்கொரு சாவி, வேலைக்காரர்களுக்குத் தனிப் படிக்கட்டு. ஒற்றை அறையில் ஆறு பேர் படுத்து வளர்ந்தவருக்கு அந்த இடவசதியே பெரிய வேடிக்கை. இத்தனை ரூம் இருந்தால் ரகசியம் வைத்துக்கொள்ளத்தான் தோன்றும் என்பார்.

அவருடைய தெருவில் ஒரு பெண் கேலியாகக் கேட்டாளாம், வெள்ளைக்காரன் வீட்டுக் கதை உனக்கு எதற்கு என்று. "நம்ம வூட்டுக் கதையத்தான் நீ தெனமும் கொழாயடியில சொல்லிகினு கீறியே, அதுக்கு வேற நான் புக்கு வாங்கணுமா?" என்றாராம் சிஸ்டர்.

புத்தகங்கள் எங்களுக்குக் கிடைத்தது மாமல்லபுரத்தில், சலீம் பாயின் கடையில். புதுப்பட்டினத்துக்காரர். கடற்கரைக்குப் போகும் சந்தில் சோழி மாலையும் கல் யானையும் விற்பார். ஊர் திரும்பும் வெள்ளைக்காரர்கள் படித்து முடித்த புத்தகங்களை அவரிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். பாய்க்கு ஆங்கிலம் பேசத் தெரியும், படிக்க வராது. அட்டையைப் பார்த்துப் பிரிப்பார். துப்பாக்கி போட்டது ஒரு தட்டு, முத்தம் கொடுப்பது ஒரு தட்டு, பெரிய வீடு போட்டது சிஸ்டருடைய தட்டு. போன் செய்து, "சிஸ்டர், ஒங்க பங்களா ஒண்ணு வந்துகீது" என்பார்.

ஒருமுறை அப்படி வந்த பங்களாவில் கடைசிப் பக்கங்கள் இல்லை. கடல் தண்ணீரில் ஊறிப் பிய்ந்து போயிருந்தன. நாங்கள் கவனிக்காமல் வாங்கி, ஒரு மாதம் படித்து, அந்த வீட்டின் இளைய மகள் ஏன் இருபது வருடமாகத் தோட்டத்தைத் தாண்டி வெளியே வரவில்லை என்பது தெரியப்போகும் இடத்தில் மாட்டிக்கொண்டோம். சிஸ்டரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. பேருந்து பிடித்துக் கடைக்கே போய்விட்டார். பாய் நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "கதை பூரா கீதே சிஸ்டர். முடிவு மட்டும்தானே இல்ல" என்றார். "இன்னா நோவுன்னே சொல்லாம டிஸ்சார்ஜ் பண்ணி அனுப்பினா நீ ஒத்துக்குவியா?" என்று சிஸ்டர் கேட்டார். பாய் அதன்பின் வீடு போட்ட புத்தகம் வந்தால் முதலில் கடைசிப் பக்கத்தை எண்ணிப் பார்க்க ஆரம்பித்தார். அந்த இளைய மகளைப் பற்றி எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

சிஸ்டருக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த நாவலிலும் குட்டு உடையப்போகும் அத்தியாயம் வந்துவிட்டதை மோப்பம் பிடித்துவிடுவார். உடனே நிறுத்திவிடுவார். மிச்சப் பக்கங்களைச் சேர்த்து, காயத்துக்குச் சுற்றும் பேண்டேஜ் துணியால் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டுவிடுவார். அந்த அத்தியாயத்தைத் தனியாகப் படிக்கக்கூடாது, மனதுக்குள்ளும் படிக்கக்கூடாது. பாயின் கடைப் பின்பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு, முடிச்சை அவிழ்த்து, அவர் சத்தமாகப் படிப்பார். நான் தமிழில் சொல்வேன். பாய் சோழி கோத்துக்கொண்டே கேட்பார். "அப்போ தோட்டக்காரனுக்குச் சொத்துல பங்கு உண்டா, இல்லியா? அத இன்னும் சொல்லலியே" என்று நடுவில் வந்து நிற்பார்.

எதற்கு இந்தச் சடங்கு என்று ஒருநாள் கேட்டேன். அப்போதுதான் வார்டைப் பற்றிச் சொன்னார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் வார்டு வாசலில் யாராவது அவர் கையைப் பிடித்துக்கொள்வார்களாம். மகன், மருமகன், தம்பி. அவருக்கு மட்டும் சொல்லிடாதீங்க சிஸ்டர், தாங்கமாட்டார். உள்ளே போனால் படுத்திருப்பவர் கேட்பார், எனக்கு என்ன சிஸ்டர். வாட்ச்மேனுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டிலுக்குத் தெரியும். சாத்துக்குடியோடு வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும். உடம்புக்குச் சொந்தக்காரருக்குத் தெரியாது. "அந்தப் பங்களாக் கதையில எப்படியும் ஒரு அத்தியாயத்துல எல்லாரையும் உட்காரவச்சி சொல்லிட்றாங்க டீச்சர். அழுவுறாங்க, அப்பால டீ குடிக்கிறாங்க. நம்ம வார்டுல அந்த அத்தியாயமே வர்றதில்ல. நான் அதுக்கோசரம்தான் படிக்கிறேன்."

போன மழைக்காலத்தில் அவருக்கே உடம்புக்கு வந்தது. பரிசோதனை முடிவுகள் வந்த அன்று டேவிட் என்னை ஒரு டீக்கடைக்கு அழைத்தான். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன். நல்ல பிள்ளை. நோய் முற்றிவிட்டது என்று சொல்லிவிட்டு, டீயைக் குடிக்காமல் வைத்திருந்தான்.

"அம்மாகிட்ட அல்சர்னு சொல்லிகினு கீறோம். நீங்களும் அப்டியே சொல்லிடுங்க டீச்சர்."

"ஒங்க அம்மா நர்ஸுப்பா" என்றேன்.

"நர்ஸா இருந்தா இன்னா டீச்சர், எனக்கு அம்மாதானே. தாங்கமாட்டாங்க."

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் கேட்டால் மறைக்கமாட்டேன் என்று அவன் முகத்துக்கு நேரேயே சொல்லிவிட்டு, நேராகச் சிஸ்டர் வீட்டுக்குப் போனேன். சிஸ்டர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீங்க சொல்லக் கூடாது டீச்சர். இது நீங்க சொல்ற அத்தியாயம் இல்ல. அவன் சொல்லணும்."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மாத்திரைப் பட்டையைப் பார்த்த அன்றே தெரிந்திருக்கும். அவர் வாழ்நாளெல்லாம் பிரித்துக் கொடுத்த மாத்திரைகள்தான். சரி, அப்படியானால் நீங்களே அவனிடம் சொல்லிவிடுங்கள் என்றேன். முடியாது என்று தலையை ஆட்டினார். "அவன் கஷ்டப்பட்டு முடிச்சு போட்டு வச்சிகீறான். நானே அவுத்தேன்னா இடிஞ்சி பூடுவான். வாசல்ல நின்ன புள்ளைங்க எத்தினி பேர நான் பாத்துகீறேன்."

அதன்பின் வந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறுமை போகிறது. அல்சருக்கு என்று சொல்லி அவரைக் காரில் சென்னைக்கு அழைத்துப் போவார்கள். அங்கிருந்து இன்னொரு டாக்டர். பிறகு மதுராந்தகத்துக்கு அப்பால் ஒரு வைத்தியர், கசப்பான கஷாயம், பத்தியச் சாப்பாடு. ஒவ்வொரு வேகத்தடைக்கும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் இருந்தால் மூன்று நான்கு நல்ல புத்தகங்களைப் படித்து முடித்திருக்கலாம். அதுதான் அவர் ஆசையும். போதும் நைனா, என்ன வூட்டுல வுடு என்று மகனிடம் சொல்ல வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வார்? அல்சருக்கு யார் போதும் என்று சொல்வார்கள்? "போதும்னு சொல்லணும்னா எனக்குத் தெரியும்னு சொல்லணும் டீச்சர். அங்கதான் மாட்டிகினேன்" என்றார்.

நான் டேவிட்டிடம் மறுபடி பேசினேன். அம்மா சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறார், அதைக் கெடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டான். சிஸ்டரிடம் மறுபடி பேசினேன். இன்னும் நாலு நாள் பார்ப்போம் என்றார். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த பிரியத்தால் ஒருவரையொருவர் பேசவிடாமல் வைத்திருந்தார்கள். நடுவில் நான். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் விடை தெரிந்தும் கை தூக்காமல் உட்கார்ந்திருந்தால் பெயர் சொல்லி எழுப்பிவிடுவேன். இங்கே அந்த உரிமை எனக்கு இல்லை.

கடைசியாகப் பார்த்தபோது அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். பாய் கொடுத்தனுப்பிய புதிய பங்களாவை குட்டு உடையும் கட்டம்வரை படித்து முடித்து, பேண்டேஜ் துணியால் கட்டி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். "ஞாயித்துக்கெழம வாங்க டீச்சர். இந்த வாட்டி டேவிட்டையும் உட்காரவச்சிப் படிக்கலாம். சொல்ற எடம் வந்தவொடனே நான் நிறுத்திட்டு அவன் மூஞ்சியப் பாக்கறேன். அவனே சொல்லிடுவான்." எனக்கு அது நடக்கும் என்று தோன்றியது. அந்த வீட்டில் அவ்வளவு நல்ல யோசனையை நான் அதற்குமுன் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது வீடு பூட்டியிருந்தது. சென்னையில் ஒரு பெரிய டாக்டர் அன்றைக்கு நேரம் ஒதுக்கிவிட்டார் என்று டேவிட் அம்மாவை அழைத்துப் போயிருந்தான். புத்தகத்தை என்னிடம் கொடுக்கச் சொல்லி பக்கத்து வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார் சிஸ்டர். அந்த வாரத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அடக்கம் முடிந்து வந்து உட்கார்ந்திருந்தபோது டேவிட் என் பக்கத்தில் வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "கடைசிவரைக்கும் அம்மாவுக்குத் தெரியவே தெரியாது டீச்சர்" என்றான். "அந்த ஒரு நிம்மதிதான் எனக்கு."

சிஸ்டரின் கேள்வி எனக்கு அப்போதுதான் முழுதாக விளங்கியது. இந்த வீட்டில் யாருக்கு மட்டும் தெரியாது? எனக்குத் தெரியும். சலீம் பாய்கூட ஊகித்திருந்தார். பெட்டியில் படுத்திருந்தவருக்கும் தெரியும். தோட்டக்காரன் டேவிட்தான்.

அன்றே சொல்ல முடியவில்லை. அது வேளையும் அல்ல. ஆனால் அப்படியே விட்டுவிட்டால் நானும் வார்டு வாசலில் நிற்கிறவளாக ஆகிவிடுவேன். சில வாரங்கள் கழித்து, கட்டிய புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். டி.வி.யை நிறுத்தச் சொன்னேன். நாற்காலியை அவன் பக்கத்தில் இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொன்னேன். மாத்திரைப் பட்டை, பின்சீட்டு, ஞாயிற்றுக்கிழமை, எல்லாவற்றையும்.

கடைசிவரை கேட்டான். பிறகு கோபம் வந்தது. "தெரிஞ்சிகினே ஏன் டீச்சர் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல அவங்க?"

"அவங்களும் ஒன்னப்பத்தி எங்கிட்ட அதத்தான் கேட்டாங்க."

எழுந்து போய் சன்னலைப் பார்த்து நின்றான். அந்தப் பக்கம் திரும்பியபடியே, "போதும்னு நெனச்சாங்களா?" என்றான். ஆமாம் என்றேன். வேறு மாதிரிச் சொல்லி அவனைத் தேற்றியிருக்கலாம். அது சிஸ்டருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. புத்தகத்தை அவன் கையில் கொடுத்தேன். முடிச்சைத் தடவிப் பார்த்தான். ஒண்டியாக அவிழ்க்காதே, யாரையாவது பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு சத்தமாகப் படி என்று மட்டும் சொன்னேன். இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்றதற்குத் தலையை அசைத்தான். அதற்குப் பிறகு அவன் எனக்குப் போன் செய்யவில்லை.

ஆகவே அந்தக் கதை எப்படி முடிந்தது என்பதும் எனக்குத் தெரியாது. எஸ்தர் சிஸ்டர்மீது எனக்கு இருக்கும் வருத்தம் இன்னும் தீரவில்லை. எந்த மாளிகையிலும் மூன்றாம் அத்தியாயத்திலேயே ரகசியத்தைப் பிடித்துவிடுகிறவர், தன் வீட்டில் மட்டும் அடுத்தவர் வாய் திறக்கட்டும் என்று காத்திருந்தே போய்விட்டார். புத்தகங்களைப் பாய் திரும்ப எடுத்துக்கொண்டார். வேறு யாராவது படிக்கட்டும். என்னிடம் இருப்பது அவருடைய கேள்வி ஒன்றுதான்.

அதை உங்களுக்கும் தருகிறேன். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று யாருக்கு மட்டும் தெரியாது என்று பாருங்கள். டி.வி.யை நிறுத்துங்கள். அவர் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, முதல் வார்த்தையை நீங்கள் சொல்லுங்கள்.